வறண்ட நாட்டின் வெள்ளக் கணக்கு



வெள்ள அபாயத்தையும் வெள்ளக் காப்பீட்டையும் பற்றிப் பேசுவதற்காக விருதுநகர்ச் சீமையில் ஒருவன் மேடையேறினால், கேட்க வந்திருப்போர் உள்ளத்தில் முதலில் எழுவது சிரிப்பாகவே இருக்கும். கோடை பிறந்துவிட்டால் தெருக்குழாயடியில் குடங்கள் வரிசை கட்டும் ஊரில், லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பழகிய ஜனங்களிடம், தண்ணீர் மிகுந்து வரும் ஆபத்தைப் பற்றி உபதேசம் செய்வது, பசித்தவனிடம் அஜீரணத்துக்கு மருந்து விற்கிற காரியம் என்று தோன்றுவது இயல்பே. மேலும், இந்தப் பிரதேசத்தின் செல்வமே அதன் வறட்சியிலிருந்து பிறந்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபோது, அவர்களுடைய முயற்சிக்குத் துணை நின்றவை குறைந்த மழையும், ஈரமற்ற காற்றும், ஆண்டில் பெரும்பகுதி தவறாமல் காயும் வெயிலும், மானாவாரி விளைச்சல் பொய்த்ததனால் வேலை தேடி வந்த கைகளுமே ஆகும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் வெயில் வேண்டும்: குச்சி காய வேண்டும். மருந்து காய வேண்டும். காகிதக் குழாய் காய வேண்டும். அச்சடித்த தாளில் மை காய வேண்டும். இவ்வளவையும் கூலி கேளாமல் செய்து கொடுத்தது இந்த ஊர்ச் சூரியன்.

ஆகவே இங்கே தீயைப் பற்றிய அச்சம் உண்டு. தீயைப் பற்றிய சட்டமும் பழக்கமும் உண்டு. வெள்ளத்தைப் பற்றிய அச்சம் மட்டும் இல்லை. அந்த அச்சமின்மையே நமக்குள்ள பெரிய அபாயம் என்பதும், தீயைக் குறித்து நாம் அனுபவத்தால் கற்ற பாடத்தை வெள்ளத்துக்கும் விரித்துக்கொள்ள வேண்டும் என்பதும், அப்படி விரிக்கும்போது ஊரளவில் நிற்கும் ஏற்பாடு போதாது, நாட்டளவில் பரந்த ஏற்பாடு வேண்டும் என்பதுமே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

முதலில் நிலத்தின் அமைப்பைக் கவனிப்போம். வைப்பாறும் அதன் துணையாறுகளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவிலே பிறந்து, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிகளின் நீரைத் திரட்டிக்கொண்டு, வெம்பக்கோட்டையையும் சாத்தூரையும் தொட்டு, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியோடு கூடி, முடிவில் தூத்துக்குடி மாவட்டத்தின் வழியாக மன்னார் வளைகுடாவில் சேருகின்றன. விருதுநகரை ஒட்டிக் கௌசிகா நதியும், திருச்சுழிப் பக்கம் குண்டாறும் ஓடுகின்றன. ஓடுகின்றன என்று சொல்வதைவிட, ஆண்டில் பல மாதம் மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கின்றன என்று சொல்வதே உண்மைக்குப் பொருந்தும். பிளவக்கல், ஆனைக்குட்டம், வெம்பக்கோட்டை, கோல்வார்பட்டி, இருக்கன்குடி, குல்லூர்சந்தை என்று அணைகள் பல இருந்தும், அவை நிரம்பாமலே கழியும் ஆண்டுகள் பல. நிரம்பாத ஆற்றின் கரையில் வாழ்கிறவன் நாளடைவில் அதை ஆறென்றே கருதுவதில்லை; ஓரத்தில் ஒரு கொட்டகை போடுகிறான்; பிறகு அது கட்டடமாகிறது; பிறகு அந்தக் கட்டடத்துக்குப் பட்டாவும் மின் இணைப்பும் வந்து சேருகின்றன.

மலையிலே பிறந்து சமவெளியில் இறங்கும் ஆற்றுக்கு ஒரு சுபாவம் உண்டு. மழை பெய்யும் இடம் ஒன்று. வெள்ளம் வந்து நிற்கும் இடம் வேறு. வத்திராயிருப்பு மலையில் மேகம் கொட்டும்போது சாத்தூரில் வானம் வெளுத்திருக்கக்கூடும். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில், கோடையின் நடுவே, சதுரகிரி மலைக்குச் சென்ற பக்தர்களைக் காட்டாற்று வெள்ளம் திடீரென்று சூழ்ந்துகொண்டதும், அதில் உயிர்கள் போனதும் இந்த மாவட்டத்தார் அறிந்த செய்தி. இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் ஜனத்திரள் தங்குவதும் சமைப்பதும் ஆற்று மணலிலேதான். வறண்ட ஆற்றை நம்புகிற மனம் நம் எல்லோருக்கும் உண்டு என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

நம் முன்னோர் அந்த நம்பிக்கையை இவ்வளவு எளிதாக வைக்கவில்லை. 2022-இல் தமிழகத் தொல்லியல் துறை அகழத் தொடங்கிய வெம்பக்கோட்டைத் தொல்லூர், வைப்பாற்றின் கரையிலே ஆனாலும் மேட்டின்மேல் அமைந்திருந்தது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் செய்து வாழ்ந்த அந்தத் தொழிலாளர்கள் ஆற்றின் அருகே இருந்தார்கள், ஆற்றுக்குள் இருக்கவில்லை. அவர்களுக்குப் பின் வந்தோர் மழைநீரைத் தடுத்து வைக்கக் கண்மாய்களை வெட்டினார்கள். ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும்படி சங்கிலியாக அமைத்தார்கள். வறட்சிக்கு எதிரான ஏற்பாடு என்று நாம் கண்மாயைப் புகழ்கிறோம். அது வெள்ளத்துக்கு எதிரான ஏற்பாடும் ஆகும் என்பதை மறந்துவிடுகிறோம். வரத்துக்கால் அடைபட்டு, கலுங்கின் எதிரே வீட்டுமனை பிரிக்கப்பட்டு, ஊருணியின் மேல் பேருந்து நிலையம் எழும்பிய பிறகு, அதே மழை அதே அளவு பெய்தாலும் அது போய் நிற்கும் இடம் வேறாகிவிடுகிறது. கரிசல் நிலத்துக்கோ இயல்பாகவே ஒரு குணம் உண்டு: காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பி இறுகி, மேலே நின்ற நீரை எளிதில் உள்ளே விடாது.

இப்படி ஒரு பெருமழை நம் சீமையில் பெய்யுமா என்று கேட்பவர்களுக்கு நான் தொலைதூரத்துக் கதையைச் சொல்லப்போவதில்லை. அடுத்துள்ள தூத்துக்குடி மாவட்டத்துக் கதையையே சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் அந்தப் பக்கத்தில் சாதாரணமாகப் பெய்யும் மழையைவிட இது மிகுதி. திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 சென்டிமீட்டரைத் தாண்டியது. குளங்கள் உடைந்தன, தாமிரபரணிக் கரையில் ஏரல் போன்ற ஊர்கள் தொடர்பற்றுப் போயின, வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன, தூத்துக்குடியின் உப்பளங்களில் குவித்து வைத்த உப்பு கரைந்து போயிற்று, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் உணவின்றித் தவித்தார்கள். தூத்துக்குடியும் நம்மைப் போலவே மழை குறைந்த, வெயிலை நம்பித் தொழில் வளர்த்த நாடுதான். உப்பும் பட்டாசும் ஒரே சூரியனின் இரண்டு பிள்ளைகள். காயல்பட்டினத்தின்மேல் நின்ற அந்த மேகம் சற்றே வடக்கே நகர்ந்து வைப்பாற்றின் தலைமாட்டில் நின்றிருக்குமானால், அன்று செய்தித்தாள்களில் அச்சாகியிருக்கும் ஊர்ப்பெயர்கள் நம்முடையவையாக இருந்திருக்கும். அதைத் தடுத்தது நம்முடைய சாமர்த்தியம் எதுவும் இல்லை.

இது புதிதாக வந்த ஆபத்தும் அன்று. இன்றைய விருதுநகர் மாவட்டம், 1985-இல் தனியாகப் பிரியும் வரையில், இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது; அந்த மாவட்டம் 1955-ஆம் ஆண்டின் புயலையும் வெள்ளத்தையும் கண்டது; விருதுநகரில் பிறந்து அப்போது முதலமைச்சராக இருந்த காமராஜர் வெள்ளம் சூழ்ந்த கிராமங்களுக்கு நேரில் சென்று பார்த்ததை முதியோர் இன்னும் சொல்லுவார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி கடலுக்கு இரையாயிற்று. 1992 நவம்பரில் தாமிரபரணி கரை கடந்தது. வறண்ட மாவட்டம் என்ற பெயர் மழையின் சராசரியைச் சொல்லுகிறதே தவிர, அதன் உச்சத்தைச் சொல்லுவதில்லை. மனிதனைக் கொல்வது சராசரி மழை அன்று, உச்ச மழையே.

இனி, இந்தத் தொழில் நாட்டுக்கு உரிய விசேஷமான ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் தொடங்குகிறது. தீபாவளியோ அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையே வருகிறது. ஆண்டு முழுவதும் செய்த சரக்கு கிட்டங்கிகளிலும் விற்பனைக் கடைகளிலும் நிறைந்து, முதலாளியின் கைப்பணமும் வங்கிக் கடனும் காகிதமும் மருந்துமாக மாறிக் கிடக்கும் காலம் எதுவோ, அதுவே மழைக் காலத்தின் வாசற்படியாகவும் இருக்கிறது. நனைந்த பட்டாசைத் திரும்பக் காயவைத்து விற்பது இயலாத காரியம் மட்டுமன்று, ஆபத்தான காரியமும் ஆகும். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதைப் போர்மேன்கள் அறிவார்கள். ஆதலால் மற்ற ஊர்களில் வெள்ளம் வடிந்ததோடு ஆபத்து தீருகிறது. இங்கே வெள்ளம் வடிந்த பிறகு தீயின் ஆபத்து தொடங்குகிறது. அச்சகத்தில் அடுக்கிய நாட்காட்டித் தாளும், விருதுநகர் மண்டிகளில் அடுக்கிய பருப்பும் வத்தலும் மல்லியும் ஓர் அடி நீருக்குத் தாங்கமாட்டா.

இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வோம் என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் விடை, அரசாங்கம் நிவாரணம் தரும் என்பது. தரும், தரவும் வேண்டும். 2023 டிசம்பரில் சென்னைச் சுற்றுப்புறத்திலும் தெற்கிலும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தமிழக அரசு 6,000 ரூபாய் வழங்கியது. அடுப்பு மீண்டும் எரிய அந்தத் தொகை உதவிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு தையற்காரனின் இயந்திரத்தையும், ஒரு மளிகைக் கடையின் சரக்கையும், ஒரு வீட்டின் சுவரையும் அது மீட்டுத் தராது. சென்னையிலும் தெற்கிலும் நேர்ந்த அந்த இரு பேரிடர்களுக்காக மாநிலம் மத்திய அரசிடம் கேட்ட தொகை 37,900 கோடி ரூபாய்க்கு மேல்; 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 276 கோடி. இந்த வேற்றுமைக்கு யார் பொறுப்பு என்ற வாதத்துக்குள் நான் இப்போது புகவில்லை. நான் காட்ட விரும்புவது ஒன்றே: நிவாரணம் என்பது கொடுப்பவரின் கையையும் மனத்தையும் காலத்தையும் பொறுத்தது, அதற்குத் தேதி கிடையாது, கேட்டு வாங்குவதற்கு எளிய மன்றமும் கிடையாது. காப்பீடு என்பது முன்னரே சந்தா செலுத்திப் பெற்ற உரிமை. அது மறுக்கப்பட்டால் கேட்பதற்கு மத்தியஸ்தரும் நுகர்வோர் மன்றமும் உண்டு.

இந்த உரிமையின் தத்துவத்தை இந்த ஊர்க்காரர்களுக்கு வெளியார் யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. வணிகர்கள் வண்டி கட்டிச் சரக்கு ஏற்றிச் சென்ற காலத்தில், வழியில் கொள்ளைக்கு அஞ்சி, பேட்டைகள் அமைத்து, அங்கே விற்கும் வாங்கும் சரக்கின்மீது ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கினார்கள். அன்று கொள்ளை கொடுத்தவன் நானா நீயா என்ற கேள்வி அதில் இல்லை. மூட்டை கொண்டுவந்தவன் எவனானாலும் கொடுத்தான். அந்த நிதி காவலுக்கு ஆயிற்று; கிணற்றுக்கு ஆயிற்று; கோயிலுக்கு ஆயிற்று; பின்னர் பள்ளிக்கூடத்துக்கும் ஆயிற்று. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை, மகமையும் வீடுதோறும் எடுத்து வைத்த பிடி அரிசியும் சேர்ந்து வளர்த்த நிறுவனம். பலர் சிறிது சிறிதாகக் கொடுத்து, சிலருக்கு வரும் பெருநஷ்டத்தையோ எல்லோருக்கும் வரும் பொதுத் தேவையையோ தாங்குவது என்ற தர்மம், லண்டன் நகரத்துக் கப்பல் வியாபாரிகளிடமிருந்து இறக்குமதியானது என்று நாம் எண்ணவேண்டியதில்லை. விருதுநகரின் தராசுத் தட்டிலேயே அது இருந்தது.

ஆனால் மகமையின் பெருமையைச் சொன்ன வாயால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அது ஓர் உறவின்முறைக்குள், ஓர் ஊருக்குள் நின்றது. தீக்கும் திருட்டுக்கும் அந்த வட்டம் போதும். ஏனெனில் தீ ஒரு கொட்டகையை எரிக்கும், ஓர் ஆலையை எரிக்கும். மற்ற ஆலைகள் நிற்கும். நிற்பவை எரிந்ததைத் தாங்கும். வெள்ளம் அப்படிப்பட்டது அன்று. அது வரும்போது கொடுத்தவன் வீட்டுக்கும் வரும், வாங்க வேண்டியவன் வீட்டுக்கும் வரும். நிதியைக் காக்கும் சங்கத்துக் கட்டடத்துக்குள்ளும் வரும். ஒரே ஊரார் தமக்குள் சேர்த்த வெள்ள நிதி, அந்த வெள்ளத்திலேயே முழுகிவிடும். ஆகையால் வெள்ளத்துக்கு உரிய மகமை, சாத்தூரான் செலுத்திய பணம் அஸ்ஸாமுக்குப் போகவும், சூரத்தில் வசூலான பணம் சாத்தூருக்கு வரவும் தக்கவாறு, ஜாதியும் ஊரும் மாநிலமும் கடந்து விரிந்ததாக இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் தாம் ஏற்ற பொறுப்பில் ஒரு பகுதியை வேறு நாட்டு நிறுவனங்களிடம் மறுகாப்பீடாக ஒப்படைப்பதன் காரணமும் இதுவே.

விரிவு மட்டும் போதுமா என்றால், போதாது, கட்டாயமும் வேண்டியிருக்கிறது. அமெரிக்க நாட்டின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். 1927-ஆம் ஆண்டின் மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பிறகு அங்கே தனியார் நிறுவனங்கள் வெள்ளக் காப்பீட்டிலிருந்து பெரும்பாலும் விலகிவிட்டன. ஆற்றங்கரையில் இருப்பவன் மட்டுமே பாலிசி கேட்கிறான், மேட்டில் இருப்பவன் கேட்பதில்லை. கேட்பவர் எல்லோருக்கும் நஷ்டம் நிச்சயம் என்றால், அது வியாபாரம் ஆகாது என்பது அவர்கள் கண்ட நியாயம். 1968-இல் அரசாங்கமே தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1973-இல், அபாயப் பகுதியில் அரசின் ஆதரவு பெற்ற வீட்டுக் கடன் வாங்குவோர் வெள்ளக் காப்பீடும் எடுத்தாக வேண்டும் என்று சட்டம் செய்தது. ஃபுளோரிடா, லூசியானா போன்ற தாழ்ந்த கடலோர மாநிலங்களில் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் இன்றும் அடங்காது. தனியே வாங்க வேண்டும். வாங்கினாலும் பொதுவாக முப்பது நாள் கழிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும். அந்தத் திட்டத்தில் நேர்ந்த பிழையும் நாம் அறியத்தக்கது. சந்தாவை அபாயத்தின் உண்மையான அளவுக்குக் கீழே வைத்ததனால், தாழ்ந்த இடத்தில் வீடு கட்டுவது மலிவாயிற்று. முழுகிய வீடே மறுபடி கட்டப்பட்டு மறுபடி முழுகிற்று. 2005-இல் கத்ரீனா புயல் வந்தபோது திட்டம் கடனில் ஆழ்ந்தது. 2017-இல் 1,600 கோடி டாலர் கடனை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

இங்கிலாந்து 2016-இல் வேறொரு உபாயம் கண்டது. வீட்டுக் காப்பீடு செய்யும் எல்லா நிறுவனங்களிடமும் ஒரு தீர்வை வசூலித்துப் பொது நிதியாக்கி, வெள்ள அபாயம் மிகுந்த வீடுகளின் சந்தாவைத் தாங்கத்தக்க அளவில் வைத்தார்கள். மேட்டு வீட்டுக்காரனும் பள்ளத்து வீட்டுக்காரனுக்காகச் சிறிது கொடுக்கிறான். மகமையின் தத்துவம் இதுவே. ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: 2009 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. அறியாமல் பள்ளத்தில் வாழ்ந்தவனுக்குச் சமுதாயம் கைகொடுக்கும்; அறிந்தே பள்ளத்தில் கட்டுகிறவனுக்குக் கொடுக்காது என்பது இதன் பொருள். ஹாலந்து நாட்டாரோ, 1953-ஆம் ஆண்டின் வெள்ளத்தில் 1,836 உயிர்களைப் பறிகொடுத்த பிறகு, காப்பீட்டைக்காட்டிலும் கரைகளையே பெரிதாக நம்பி, தலைமுறைகள் உழைத்துக் கடலைத் தடுத்தார்கள். இவற்றில் எதையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லோரும் கொடுக்க வேண்டும், விலை அபாயத்தை மறைக்கக்கூடாது, கரை முதலில் வேண்டும் என்ற மூன்று நீதிகளை எடுத்துக்கொண்டால் போதும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? அமெரிக்காவைப் போல வெள்ளத்துக்குத் தனி பாலிசி இங்கே வேண்டியதில்லை. தீக் காப்பீட்டுப் பாலிசியிலேயே புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல் ஆகியவை அடங்கும். ஆனால் வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. நெடுங்காலம் வழங்கிவந்த தீக் காப்பீட்டு விதிகளில், வெள்ளப் பகுதியை வேண்டாமென்று நீக்கிவிட்டுச் சந்தாவில் ஒரு தள்ளுபடி பெற்றுக்கொள்ள இடம் இருந்தது. வறண்ட ஊரில் வெள்ளம் எதற்கு என்று நினைக்கிற மனத்துக்கு இதைவிட இனிப்பான சிக்கனம் வேறில்லை. பாலிசியைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போர் இன்றே எடுத்து, அந்தப் பகுதி இருக்கிறதா, நீங்கியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

2021 ஏப்ரல் முதல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி மூன்று பொதுப் பாலிசிகள் நாடெங்கும் ஒரே வாசகத்தில் விற்கப்படுகின்றன. வீட்டுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா; ஓரிடத்தில் ஐந்து கோடி ரூபாய் வரை சொத்துள்ள தொழிலுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா; ஐந்து முதல் ஐம்பது கோடி வரை உள்ளதற்குப் பாரத் லகு உத்யம் சுரக்ஷா. மூன்றிலும் வெள்ளம் உண்டு. வீட்டுப் பாலிசியில் கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு, பத்து லட்ச ரூபாய் உச்ச வரம்பில், வீட்டுச் சாமான்களும் தாமாகவே அடங்கும். பெயர்கள் வாயில் நுழையாமல் இருக்கலாம். பயன் கைக்கு எட்டுவதே.

தொழில் செய்வோர் கேட்காமல் விட்டு ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதுவே சராசரி விதி. கிட்டங்கியில் இருக்கும் சரக்கு நாற்பது லட்சம். சந்தாவை மிச்சம் பிடிக்க இருபது லட்சத்துக்குக் காப்பீடு. வெள்ளத்தில் நஷ்டம் பத்து லட்சம். இருபதுக்குள் பத்து அடங்குகிறதே, முழுவதும் கிடைக்கும் என்று முதலாளி நினைக்கிறார். கிடைப்பது ஐந்து லட்சமே. ஏனெனில் பாதிச் சரக்குக்கு மட்டும் சந்தா கட்டியவன், நஷ்டத்திலும் பாதிக்கே உரியவன். புதிய தொழில் பாலிசிகளில் பதினைந்து சதவீதம் வரையுள்ள குறைவை மன்னிக்கிறார்கள், அதற்குமேல் மன்னிப்பில்லை. சரக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்காத பட்டாசுத் தொழிலில், தீபாவளிக்கு முன்னுள்ள உச்ச அளவுக்கே காப்புத் தொகையை நிர்ணயிக்க வேண்டும். சரக்கு நனைந்த நஷ்டம் ஒன்று. அதனால் அந்த ஆண்டு வியாபாரமே போன நஷ்டம் வேறு. பின்னதற்கு லாப இழப்புப் பாலிசி தனியாக எடுக்க வேண்டும். வண்டி வைத்திருப்போர், சட்டத்துக்கு அஞ்சி எடுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டில் தம் வண்டியின் வெள்ளச் சேதம் அடங்காது என்பதையும், நீரில் நின்ற வண்டியின் எஞ்சினை முடுக்கிக் கெடுத்துக்கொண்டால் முழுப் பாலிசி இருந்தும் வழக்கு நேரும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். விவசாயிகளைப் பொறுத்தவரை, பயிர்க் காப்பீட்டில் அவர்கள் கொடுக்கும் பங்கு, காரிப் பருவ உணவுப் பயிருக்கு இரண்டு சதவீதம், ராபிப் பருவத்துக்கு ஒன்றரை, வாணிபப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் ஐந்து. நஷ்டத்தைப் பெரும்பாலும் ஊரளவில் கணக்கிடுகிறார்கள் என்பது அதன் குறை.

2015 டிசம்பரில் சென்னை முழுகியபோது காப்பீட்டு நிறுவனங்களிடம் வந்த கோரிக்கைகள் ஐயாயிரம் கோடி ரூபாயை நெருங்கின. பெரிய தொகைதான், ஆனால் அதைக் கேட்டவர் யார்? ஆலைகளும், வணிக நிறுவனங்களும், கார் வைத்திருந்தோரும். அடையாற்றின் கரையில் குடிசை இழந்தவர்களின் பெயர் அந்தக் கணக்குகளில் ஏறவில்லை. நம் மாவட்டத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், ஆலை முதலாளியின் சரக்குக்குப் பாலிசி இருக்கும். அவருக்குக் குழாய் சுற்றிக் கொடுக்கும் பெண்ணின் வீட்டுக்கு இருக்காது. மழையால் ஆலை மூடிக் கிடக்கும் நாட்களில் அவளுக்குக் கூலியும் இருக்காது. இப்படிப்பட்டவர்களுக்கு ஏற்ற புதிய முறை ஒன்று வந்திருக்கிறது: மழை இன்ன அளவைத் தாண்டினால், சேதத்தை வந்து பார்க்காமலே, முன்னரே பேசிய தொகை உடனே கொடுக்கப்படும். நாகாலாந்து அரசு இத்தகைய காப்பீட்டைத் தன் மாநிலத்துக்கே எடுத்திருக்கிறது. தொழிற்சங்கமோ வணிகர் சங்கமோ நகராட்சியோ கூட்டாக இதைச் செய்யலாம். ஆனால் எச்சரிக்கை ஒன்று: மழைமானி சிவகாசியில் இருந்து, மழை மலையில் பெய்தால், வெள்ளம் வரும், பணம் வராது. ஆகவே நம் மாவட்டத்தில் அளவுகோல் மலையடிவாரத்து மழையையும் ஆற்றின் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பதாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, காப்பீட்டை எல்லா நோய்க்கும் மருந்தாக நான் கொண்டாடுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. தீயின் விஷயத்தில் நீங்கள் கடைப்பிடிக்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் கொட்டகைக்கும் கொட்டகைக்கும் இடையே விட வேண்டிய தூரம். பிறகு ஒரு கொட்டகைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற விதி. பிறகு மருந்தின் அளவு. இவை எல்லாவற்றுக்கும் கடைசியிலேதான் இழப்பீடும் காப்பீடும். அந்த வரிசை தவறிய இடத்தில் என்ன நேரும் என்பதை 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து காட்டியது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எந்தப் பாலிசியும் அவற்றைத் திருப்பித் தரவில்லை. வெள்ளத்துக்கும் அதே வரிசைதான். முதலில் வரத்துக்காலும் கலுங்கும், பிறகு ஆற்றுக்கும் கட்டடத்துக்கும் இடையே விட வேண்டிய தூரம், பிறகு தரையிலிருந்து உயர்த்திய கிட்டங்கி, கடைசியில் காப்பீடு. காப்பீடு நீரைத் தடுக்காது. நீர் போன பிறகு மனிதனை மீண்டும் எழுப்பி நிறுத்தும். இரண்டு காரியமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை விடுவதற்கு நியாயமில்லை.

ஆகவே நான் உங்களிடம் வைக்கும் விண்ணப்பம் இது. வணிகர் சங்கங்கள் ஒவ்வொன்றும், ஆவணி மாதம் முடிவதற்குள், தம் உறுப்பினர்களின் பாலிசிகளை ஒரே நாளில் ஒரே இடத்தில் கொண்டுவரச் செய்து, வெள்ளப் பகுதி இருக்கிறதா, தொகை சரக்குக்கு ஈடாக இருக்கிறதா என்று சரிபார்க்க ஏற்பாடு செய்யட்டும். மேகம் திரண்ட பிறகு பாலிசிக்கு ஓடுகிறவனுக்குக் கதவு திறந்திருக்கும் என்று எண்ணலாகாது. ஆலை உரிமையாளர்கள், தம் ஆலைக்குச் சந்தா செலுத்தும்போதே தம் தொழிலாளர்களின் வீடுகளுக்கும் கூட்டுப் பாலிசி எடுத்து, அந்தச் சிறு செலவைச் சரக்கின் விலையில் ஏற்றிக்கொள்ளட்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்த மரபினருக்கு இது புதிய பாரம் ஆகாது. வங்கிகள், கடன் கொடுக்கும் இடத்திலெல்லாம் வெள்ளக் காப்பும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்கட்டும். அரசாங்கம், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கௌசிகா நதியும் பெருகினால் நீர் எந்தத் தெரு வரை வரும் என்ற வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டட்டும். அந்தக் கோட்டுக்குள் இனி மனை பிரிக்க அனுமதி தராதிருக்கட்டும். மாணவர்களே, உங்கள் ஊர்க் கண்மாயின் கலுங்கு எங்கே இருக்கிறது, மறுகால் எந்த வழியாகப் போக வேண்டும், இப்போது எந்த வழியாகப் போகும் என்று நடந்து பார்த்து எழுதி வையுங்கள். தீயோடு வாழக் கற்றுக்கொண்ட ஊர் இது. நீரோடு வாழவும் இதனால் முடியும். அந்தப் படிப்பை மழைக்கு முன்னே தொடங்க வேண்டும்.